எஸ்ஓபி: ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் அளவெடுத்து எழுதுவது எப்படி?

எஸ்ஓபி என்பது ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்: வெளிநாட்டில் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, என்ன படிக்க, ஏன் வருகிறேன் என்று எழுதி அனுப்பும் கட்டுரை. எட்டு இடங்களுக்கு அப்ளை செய்பவர்கள் பெரும்பாலும் எழுதுவது ஒரே ஒரு எஸ்ஓபிதான். கடைசிப் பத்தியில் பல்கலைக்கழகத்தின் பெயரையும் இரண்டு பேராசிரியர்களின் பெயர்களையும் மாற்றி, எட்டுக் கோப்புகளாகச் சேமித்துவிடுவார்கள். பொத்தானை மட்டும் மாற்றிவிட்டு, அளவெடுத்துத் தைத்த சட்டை என்று சொல்வது போலத்தான் இது. படிக்கிற பேராசிரியருக்குச் சட்டென்று தெரிந்துவிடும். கடைசிப் பத்தி நிலத்தடி நீரைப் பற்றிப் பேசும். அதற்கு முந்தைய நான்கு பத்திகளிலோ நிலத்தடி நீருக்கு ஒரு வரிகூட இருக்காது.

உண்மையில் மாற வேண்டியது நடுப்பகுதி. உங்களிடம் இருக்கும் அதே அனுபவத்தில் எதை விரித்துச் சொல்கிறீர்கள், எதை ஒரு வரியில் முடிக்கிறீர்கள் என்பது இடத்துக்கு இடம் மாற வேண்டும். அப்படி மாறினால் கடைசிப் பத்தி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதை விளக்க ஒரு கற்பனை மாணவியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சிவில் முடித்தவர். சிஜிபிஏ 8.1, மூன்றாம் செமஸ்டரில் ஒரு அரியர். செங்கல்பட்டு மாவட்டத்து ஏரி ஒன்றில் வண்டல் படிந்து கொள்ளளவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது அவருடைய ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். படகில் போய் 42 இடங்களில் ஆழம் அளந்தார். லேண்ட்சாட் செயற்கைக்கோளின் பழைய படங்களை வைத்து நீர்ப்பரப்பைக் கணக்கிட்டார். ஏரியைச் சுற்றி 9 கிணறுகளில் நீர்மட்டம் குறித்தார். படிப்பு முடிந்து ஒரு வருடம் சென்னையில் மழைநீர் வடிகால் வடிவமைப்பு வேலை. இப்போது அமெரிக்காவில் நீர்வளப் பொறியியல், ஆய்வுடன் கூடிய எம்எஸ் படிக்கப் பார்க்கிறார். உங்கள் துறை வேறாக இருக்கலாம், வேலை இதேதான்.

கேள்வியை முழுசாகப் படியுங்கள்

எல்லாரும் எஸ்ஓபி என்றே சொன்னாலும், எல்லா இடமும் ஒரே கட்டுரையைக் கேட்பதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் இரண்டு கட்டுரைகள் கேட்கும். படிப்பு, ஆய்வு, நோக்கம் பற்றி ஒன்று. உங்கள் பின்னணி, தடைகள், நீங்கள் வந்த வழி பற்றி இன்னொன்று. முதல் கட்டுரையில் எழுதியதையே இரண்டாவதிலும் எழுதுபவர்கள் பாதி வாய்ப்பை வீணாக்குகிறார்கள். சில துறைகள் 500 வார்த்தை கேட்கும், சில 1,000, சில இரண்டு பக்கம். இன்னும் சில, கோப்பே கேட்காமல் படிவத்தில் ஒரு பெட்டியைக் கொடுத்து, எழுத்து எண்ணிக்கையில் வரம்பு வைக்கும். அந்தப் பெட்டியில் ஒட்டும்போது தடித்த எழுத்து போகும், சில சமயம் பத்திப் பிரிவும் போகும்.

பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புகளைக் கவனிக்கும் கிராஜுவேட் ஸ்கூலின் பக்கத்தில் ஒரு அளவும் துறையின் பக்கத்தில் வேறொரு அளவும் இருந்தால், பொதுவாகத் துறை சொல்வதைப் பின்பற்றுங்கள். சந்தேகம் தீரவில்லையா? துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு மூன்று வரி மெயில் போடுங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

ஒரு எக்செல் தாளில் ஒவ்வொரு இடத்துக்கும் கேள்வியை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். சுருக்கி எழுதக் கூடாது. சுருக்கும்போதுதான் பாதி கேள்வி காணாமல் போகும். பிறகு கேள்விக்குள் இருக்கும் சிறு கேள்விகளைத் தனித்தனியாக எண்ணுங்கள். "உங்கள் ஆய்வு அனுபவம், எதிர்காலத் திட்டம், இந்தத் துறை ஏன் பொருத்தம், யாருடன் வேலை செய்ய விரும்புகிறீர்கள்" என்று இருந்தால் அது நான்கு கேள்வி. கட்டுரை முடிந்ததும் நான்குக்கும் பதில் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். பேராசிரியர் பெயர்களைப் படிவத்தில் தனிப் பெட்டியில் கேட்டிருந்தால் அந்தப் பட்டியலைக் கட்டுரையில் திருப்பி ஒப்பிக்க வேண்டாம்.

வரம்பைத் தாண்டாதீர்கள். எழுத்தை 9 புள்ளிக்குச் சுருக்கி, ஓரத்தை அரை அங்குலமாக்கி, மூன்று பக்கத்தை இரண்டாக்கும் வித்தையும் வேண்டாம். 11 புள்ளி, ஒரு அங்குல ஓரம் போதும்.

படிக்கப்போவது யார்?

இது தெரியாமல் எழுதினால் எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் தப்பான ஆளிடம் பேசியதாகிவிடும்.

அமெரிக்கச் சிவில் துறைகளில் ஆய்வுடன் கூடிய எம்எஸ், பிஎச்டி இரண்டுக்கும் பணம் பெரும்பாலும் பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்து வருகிறது. சேர்க்கைக் கமிட்டி ஓகே சொன்னாலும், "இந்த மாணவரை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னால்தான் ஃபண்டிங் நடக்கும். ஆகவே எஸ்ஓபியின் உண்மையான வாசகர்கள் இரண்டு மூன்று பேர்தான். அவர்களுடைய பிரச்சினைகளில் ஒன்றுக்கு நீங்கள் கைகொடுப்பீர்களா என்றுதான் பார்ப்பார்கள்.

உயிரியல் துறைகள் பல இதற்கு நேர்மாறு. முதல் வருடம் சுழற்சி முறையில் சில ஆய்வகங்களில் வேலை செய்துவிட்டு, அதன்பிறகே வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அங்கே ஒரே பேராசிரியரின் பெயரில் முழுக் கட்டுரையையும் கட்டி எழுப்பினால், "இவருக்கு அந்த ஆய்வகம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?" என்ற கேள்விதான் எழும்.

தீசிஸ் இல்லாத தொழில்முறை எம்எஸ் வேறு ரகம். ஆய்வகத்தைப் புகழ்ந்து எழுதினால் அங்கே யாருக்கும் பயனில்லை. பாடத்திட்டம், ப்ராக்டிகம் என்ற களப் பயிற்சி, அதை முடித்து எந்த மாதிரி வேலைக்குப் போவீர்கள், இதெல்லாம் ஒன்றோடொன்று சேர்கிறதா என்று பார்ப்பார்கள். "நிலத்தடி நீரின் எதிர்காலத்தை மாற்றுவேன்" என்பதைவிட, "வடிகால் வடிவமைப்பில் ஒரு வருடம் வேலை செய்தேன், நீரோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள் தரும் விடை சரியா தவறா என்று தீர்மானிக்கும் அடிப்படை எனக்குப் போதவில்லை" என்பது நூறு மடங்கு நல்ல வாக்கியம்.

ஒரு இடத்துக்கு மூன்று மணி நேரம்

இணையதளத்தின் முகப்புப் பக்கத்தில் இருப்பது விளம்பரம். நாம் போக வேண்டியது இன்னும் உள்ளே.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் பேராசிரியரின் பக்கத்தைத் திறந்து, கட்டுரைகளை ஆண்டு வாரியாக வரிசைப்படுத்துங்கள். அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது எது என்று பார்க்காதீர்கள். அது பதினைந்து வருடத்துக்கு முந்தையதாக இருக்கும், ஆள் அந்தப் பக்கமே இப்போது திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். கடைசி மூன்று வருடக் கட்டுரைகளில் முதல் பெயராக இருப்பது பெரும்பாலும் அவருடைய மாணவர்கள். அவர்கள் செய்வதுதான் ஆய்வகத்தின் இன்றைய வேலை. இரண்டு கட்டுரைகளின் சுருக்கம், முடிவுரை, குறைபாடுகளைப் பேசும் பகுதி, இவற்றை மட்டும் படித்தால் போதும். "இனி செய்ய வேண்டியது" என்று அவர்களே எழுதியிருக்கும் இடத்தில்தான் உங்களுக்கான கதவு இருக்கும்.

அடுத்து, பலருக்குத் தெரியாத ஒரு வசதி. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப் தான் கொடுக்கும் மானியங்களைப் பொதுவில் தேடும்படி வைத்திருக்கிறது. பேராசிரியரின் பெயரைத் தட்டினால் திட்டத்தின் சுருக்கம், தொடங்கிய தேதி, முடியும் உத்தேசத் தேதி எல்லாம் வரும். மருத்துவம், உயிரியல் பக்கம் என்றால் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச்சின் ரிப்போர்ட்டர் தளம். நீங்கள் சேரும் ஆகஸ்டுக்குப் பிறகும் இரண்டு வருடம் ஓடப்போகும் மானியம் இருந்தால், அந்தச் சுருக்கத்தைக் கவனமாகப் படியுங்கள். மானியம் எதுவும் தெரியவில்லை என்பதால் பணமே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. மாநில அரசு, வேறு மத்தியத் துறைகள், தனியார் வழியாக வரும் பணம் அங்கே தெரியாது.

பதவிப் பெயரையும் பாருங்கள். எமரிட்டஸ் என்றால் ஓய்வு பெற்றவர், பொதுவாகப் புது மாணவர் எடுக்க மாட்டார். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டவரின் பக்கம் பழைய இடத்தில் மாதக்கணக்கில் நீக்கப்படாமல் கிடக்கும். ஆய்வகப் பக்கத்தில் புது மாணவர்களுக்கான குறிப்பு இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். "இந்த வருடம் எடுக்கவில்லை" என்று எழுதியிருந்தும் அவர் பெயரை எஸ்ஓபியில் போடுபவர்கள் உண்டு.

பாடங்களின் பெயரைக் குறிப்பிடப் போகிறீர்களா? பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலான கேட்டலாக்கை நம்ப வேண்டாம். பல வருடமாக நடத்தாத பாடமும் அதில் இருக்கும். கடந்த இரண்டு வருட வகுப்பு அட்டவணையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மூலப் பிரதி

முதலில் எந்த இடத்துக்கும் இல்லாத ஒரு நீளமான மூலப் பிரதி எழுதுங்கள். 1,500 வார்த்தை வந்தாலும் பரவாயில்லை. இதை யாருக்கும் அனுப்பப் போவதில்லை. துணியை வெட்டுவதற்கு முன் விரித்து வைப்பது போல. ஒவ்வொரு அனுபவத்தையும் தனித் துண்டாக எழுதுங்கள்: என்ன கேள்வி, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன எண் வந்தது, எது சரியாக வரவில்லை. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இடத்துக்கு இடம் எஸ்ஓபியை மாற்ற உதவுவது அதுதான். சரியாக வந்தவற்றை எங்கே அனுப்பினாலும் ஒரே மாதிரிதான் சொல்ல முடியும். வராமல் போன ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆய்வகத்தை நோக்கிக் கை நீட்டும்.

நம் மாணவியின் ப்ராஜெக்டில் வராமல் போனவை மூன்று. ஏரியில் நீர்மட்டத்தைத் தொடர்ந்து பதியும் கருவி இல்லாததால், கனமழையில் எவ்வளவு சீக்கிரம் ஏரி நிரம்பி, உபரி நீர் வழியும் கலங்கல் பாயும் என்று சொல்ல முடியவில்லை. வண்டல் எவ்வளவு தங்கும் என்று கணக்கிட அவர் பயன்படுத்திய புரூன் வளைவு, 1953-ல் அமெரிக்க நீர்த்தேக்கங்களை வைத்து உருவானது. அவற்றில் பெரும்பாலானவை வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்பவை. பாதி வருடம் வறண்டு கிடக்கும் நம் ஏரிக்கு அது பொருந்தவில்லை. மூன்றாவது, ஏரி நிரம்பிய பிறகும் 9 கிணறுகளில் மூன்றில் மட்டம் ஏறவில்லை; காரணம் தெரியவில்லை.

1,000 வார்த்தைப் பிரதிக்கு ஒரு பங்கீடு: தொடக்கம் 80 முதல் 100 வார்த்தை, முக்கிய ஆய்வு 350, இரண்டாவது அனுபவம் 150 முதல் 200, அடுத்து என்ன கேள்வியைத் தொடர விரும்புகிறீர்கள் என்பது 120, அந்த இடம் உங்களுக்கு ஏன் பொருந்துகிறது என்று சொல்லும் பொருத்தப் பத்தி 200, எதிர்காலம் 60. இதில் கிட்டத்தட்ட பாதி எல்லா இடத்துக்கும் அப்படியே போகலாம். முக்கிய ஆய்வின் பின்பாதி, தொடரும் கேள்வி, பொருத்தப் பத்தி மூன்றும் ஒவ்வொரு இடத்துக்கும் புதிதாக எழுதப்பட வேண்டும்.

தொடக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னைப் பக்கத்திலிருந்து நீர்வளத்துக்கு அப்ளை செய்பவர் 2015 டிசம்பர் வெள்ளத்தில் கட்டுரையைத் தொடங்க ஆசைப்படுவது இயல்பு. அதே ஊரிலிருந்து அதே வருடம் அப்ளை செய்யும் இன்னொருவரும் அப்படித்தான் தொடங்குவார். சிறு வயதில் தாத்தாவோடு ஏரிக்கரையில் நடந்த கதையும் அப்படியே. நேராகப் பிரச்சினையில் தொடங்கிவிடுங்கள்.

ஒரே ஏரி, மூன்று கட்டுரை

நம் மாணவி மூன்று இடங்களுக்கு எழுதுகிறார்: அயோவா பல்கலைக்கழகம், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெயின் வளாகம், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம். மூன்றிலும் நீர்வளம் வலுவான துறை. ஆனால் மூன்றும் மூன்று விதம்.

அயோவா நகரில் ஆற்றங்கரையிலேயே ஐஐஎச்ஆர் என்ற நீரியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 2008 பெருவெள்ளத்துக்குப் பிறகு, 2009-ல் அதன்கீழ் அயோவா வெள்ள மையம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுக்கப் பாலங்களில் நீர்மட்ட உணரிகளைப் பொருத்தி, வரும் அளவுகளைப் பொதுமக்களே இணையத்தில் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். இங்கே விரிய வேண்டியது முதல் தோல்வி. எஸ்ஓபி ஆங்கிலத்தில்தான் போகும். தமிழில் சொன்னால் அந்தப் பத்தி இப்படி இருக்கும்:

"42 இடங்களில் ஆழம் அளந்து கொள்ளளவு வளைவை மீண்டும் வரைந்தோம். ஆனால் கொள்ளளவு குறைந்த ஏரி கனமழையில் எத்தனை மணி நேரம் முன்னதாக நிரம்பும் என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியவில்லை. எங்களிடம் இருந்தது நாளுக்கு ஒரு முறை குறித்த நீர்மட்டம். வெள்ளமோ சில மணி நேரத்தில் ஏறி முடிந்துவிட்டது. பிறகு வடிகால் வடிவமைப்பு வேலையிலும் அதே குறை. கீழ்ப்பகுதிக் கால்வாயில் ஒரு உணரிகூட இல்லாமல்தான் கணினி மாதிரியைச் சரிபார்த்தோம். குறைந்த செலவு உணரிகளை எத்தனை, எங்கே வைத்தால் முன்னறிவிப்பு எவ்வளவு மேம்படும் என்பதே நான் தொடர விரும்பும் கேள்வி."

கிணறுகள்? ஒரே வரி. லேண்ட்சாட்? அரை வரி. வடிகால் வேலைக்கு மட்டும் கூடுதல் இடம், ஏனென்றால் இங்கே அது அதே கேள்விக்கு இரண்டாவது சாட்சி.

இல்லினாயில் நீரியல் பேராசிரியர் வென் டெ சோவ் பெயரில் நீரமைப்பு ஆய்வகம் இருக்கிறது. கால்வாய், ஆற்று நீரோட்டம் பற்றிய ஓப்பன் சேனல் பாடம் படித்த எல்லாச் சிவில் மாணவருக்கும் தெரிந்த பெயர்; அதனாலேயே "சோவ் பணியாற்றிய இடத்தில் படிப்பது என் கனவு" என்று எழுதத் தோன்றும். அவர் 1981-ல் காலமானவர். வணக்கம் சொல்லிக் கட்டுரையின் முப்பது வார்த்தையைச் செலவழிக்க வேண்டாம். வண்டல் எப்படி நகர்கிறது, ஆறு எப்படி வடிவம் மாறுகிறது என்பதில் அந்த ஆய்வகத்துக்கு நீண்ட மரபு உண்டு. ஆகவே இங்கே புரூன் வளைவுதான் நாயகன்:

"வரத்துக்கால்வாய் ஏரிக்குள் நுழையும் இடத்தில் மணலும், கரையை ஒட்டிய ஆழப்பகுதியில் களியும் படிந்திருந்தது. புரூன் வளைவில் வந்த வண்டல் அளவுக்கும் நாங்கள் அளந்ததற்கும் பெரிய இடைவெளி. வருடத்தில் பல மாதம் வறண்டு, வெடித்து, மீண்டும் நனையும் படுகையை அந்த வளைவு கணக்கில் எடுக்கவே இல்லை. வறண்ட களி முதல் வெள்ளத்தில் எவ்வளவு பெயர்ந்து மீண்டும் மிதக்கிறது என்பதை ஆய்வகத் தொட்டியில் அளக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்."

இந்தப் பிரதியில், வண்டலைத் துகள் அளவு வாரியாகப் பிரிக்கும் சல்லடைச் சோதனையை எத்தனை மாதிரிகளுக்குச் செய்தார், மாதிரியை எப்படி எடுத்தார் என்ற விவரம் வர வேண்டும். அயோவாவுக்கு அது தேவையே இல்லை.

டேவிஸில் ஹைட்ராலஜிக் சயன்சஸ் என்பது ஒரே துறையின் படிப்பு அல்ல. பல துறைப் பேராசிரியர்கள் சேர்ந்த கிராஜுவேட் குரூப். வழிகாட்டி மண்ணியல் பக்கத்திலும் இருக்கலாம், பொறியியல் பக்கத்திலும் இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் "உங்கள் சிவில் துறை" என்று எழுதினால் முதல் வரியிலேயே அந்நியராகிவிடுவீர்கள். கலிபோர்னியா 2014-ல் நிலத்தடி நீருக்கெனச் சட்டம் கொண்டுவந்தது. கடும் நெருக்கடியில் உள்ள நீர்ப்படுகைகளை 2040-க்குள்ளும், முன்னுரிமை பெற்ற மற்ற நீர்ப்படுகைகளை 2042-க்குள்ளும் நிலையான அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் இலக்கு. குளிர்கால வெள்ள நீரை விவசாய நிலத்தில் நிறுத்தி நிலத்துக்குள் இறக்கும் முறையைப் பற்றி டேவிஸில் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. இங்கே அந்த மூன்று கிணறுகள்தான் கட்டுரையைத் தூக்கி நிறுத்தும்:

"ஏரி நிரம்பிய பிறகும் 9 கிணறுகளில் மூன்றில் மட்டம் ஏறவில்லை. படுகையில் படிந்த களி, நீர் கீழே இறங்குவதைத் தடுத்திருக்கலாம். பாறை வெடிப்புகளின் போக்கும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் தரவு எங்களிடம் இல்லை. எங்கள் பகுதி கடினப் பாறை. கலிபோர்னியாவின் சென்ட்ரல் வேலி வண்டல் சமவெளி. நீர்ப்படுகை வேறு என்றாலும், மேற்பரப்பில் படியும் நுண்துகள் ஊடுருவலை எப்படிக் குறைக்கிறது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது."

கடைசி மூன்று வாக்கியங்களைக் கவனியுங்கள். தன் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தானாகவே ஒப்புக்கொள்கிறார். "தமிழ்நாட்டு ஏரியும் கலிபோர்னியாவும் ஒன்றுதான்" என்று ஒட்டப் பார்த்திருந்தால் நிலத்தடி நீர் தெரிந்த யாரும் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள்.

மூன்று கட்டுரையிலும் பொய் ஒரு வரிகூட இல்லை. இது முக்கியம். வண்டலில் ஆர்வமே இல்லாமல் இல்லினாய்க்கு வண்டல் பிரதி எழுதினால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். உங்கள் அனுபவத்தில் எந்த முகத்தைத் திருப்பினாலும் ஒரு இடத்தோடு ஒட்டவில்லை என்றால், அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதுதான் சரி. அப்ளிகேஷன் ஃபீஸும் மிச்சம்.

பொருத்தப் பத்தி

பெரும்பாலான எஸ்ஓபிகள் இங்கேதான் சரிகின்றன. வழக்கமான வடிவம் இது: "உலகத் தரம் வாய்ந்த ஆய்வகங்களும் புகழ்பெற்ற பேராசிரியர்களும் கொண்ட தங்கள் மதிப்புமிக்க பல்கலைக்கழகத்தில்..." அவர்களுக்கு அவர்கள் ஆய்வகம் நல்லது என்று தெரியும். இன்னொன்று: நான்கு பேராசிரியர் பெயரைப் போட்டு, ஒவ்வொருவரின் கட்டுரைத் தலைப்பையும் பக்கத்தில் ஒட்டுவது. இணையதளத்தை நகலெடுக்கத் தெரியும் என்பதைத் தவிர அது எதையும் நிரூபிக்காது.

இரண்டு பேர் போதும், அதிகபட்சம் மூன்று. ஒவ்வொருவருக்கும் மூன்று விஷயங்கள் வர வேண்டும்: அவர் இப்போது துரத்தும் கேள்வி என்ன என்று நீங்கள் புரிந்துகொண்டது, அதில் உங்கள் அனுபவம் எங்கே தொடுகிறது, அங்கே போய் நீங்கள் எதைக் கற்க வேண்டியிருக்கிறது. கடைசி விஷயத்தைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். எல்லாம் தெரிந்தவர் ஏன் படிக்க வருகிறார்?

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத துறையில் இருந்தால் சிக்கல். ஒருவர் வெள்ள முன்னறிவிப்பு, இன்னொருவர் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்றால், யார் கிடைத்தாலும் சரி என்று நீங்கள் சொல்வது போல ஆகிவிடும்.

செப்டம்பர், அக்டோபரில் பேராசிரியருக்கு மெயில் எழுதி, அவர் பதில் போட்டிருந்தால், என்ன பேசினீர்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் சேர்க்கலாம். பதில் வராத மெயிலைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். "மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன்" என்பது புகார் போலவே ஒலிக்கும்.

சோதனை எளிது. பத்தியில் பல்கலைக்கழகத்தின் பெயரையும் பேராசிரியர்களின் பெயரையும் கறுப்புப் பட்டையால் மறையுங்கள். உங்கள் துறை தெரிந்த நண்பரிடம் காட்டி, உங்கள் பட்டியலில் இது எந்த இடத்துக்கானது என்று கேளுங்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள்.

அமெரிக்காவுக்கு வெளியே

ஜெர்மனியில் கேட்பது மோட்டிவேஷன் லெட்டர். இங்கே ஆய்வகக் கதையைவிடப் பாடத்திட்டப் பொருத்தம்தான் எடை. உங்கள் இளங்கலையில் படித்த பாடங்கள் அவர்கள் எதிர்பார்க்கும் அடிப்படையை நிறைவு செய்கிறதா என்பதை மாட்யூல் எனப்படும் பாடப் பகுதிகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அவர்களுடைய மாட்யூல் கையேட்டை இறக்கி, உங்கள் பாடங்களோடு வரிக்கு வரி வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒரு அடிப்படைப் பாடம் உங்களிடம் இல்லை என்றால், அதை எப்படி ஈடுகட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுவது நல்லது.

கனடாவில் தீசிஸ் எழுதும் எம்எஸ்சி, பொறியியலில் எம்ஏஎஸ்சி பலவற்றுக்கு வழிகாட்டியின் சம்மதம் கிடைத்தால்தான் சீட். அங்கே மெயில்தான் முதல் எஸ்ஓபி. பிரிட்டனில் பிஎச்டி என்றால் ஆய்வு முன்வரைவு தனியாகக் கேட்கப்படும் இடங்கள் நிறைய. அங்கே எஸ்ஓபியில் ஆய்வுத் திட்டத்தை மறுபடி விரிக்காதீர்கள். நெதர்லாந்தின் ஐஎச்இ டெல்ஃப்ட் போன்ற இடங்கள் பணியில் இருந்து வருபவர்களை மனதில் வைத்து நடத்தப்படுபவை. நம் மாணவி அங்கே அப்ளை செய்தால் ஏரியைப் பின்னுக்குத் தள்ளி, வடிகால் வேலையை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

அரியர், குறைந்த சிஜிபிஏ

ஒரு அரியர், அதுவும் பாடத்தை அடுத்த முறையே முடித்தாயிற்று என்றால், எழுதவே தேவையில்லை. டிரான்ஸ்கிரிப்டில் இருக்கிறது, பார்ப்பவர் பார்த்துக்கொள்வார். அந்த அரியர் நீங்கள் அப்ளை செய்யும் துறையின் மையப் பாடத்தில், உதாரணமாக நீரியக்கவியலில், இருந்தால் மட்டும் இரண்டு வாக்கியம்: என்ன நடந்தது, அதன்பின் அதே விஷயத்தில் என்ன செய்து காட்டினீர்கள். கல்லூரியையும் மதிப்பீட்டையும் குறை சொல்லும் வாக்கியம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் வேண்டாம். தனி விளக்கக் கடிதத்துக்குப் படிவத்தில் இடம் இருந்தால் அங்கே போட்டுவிட்டு எஸ்ஓபியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கன்சல்டன்சியும் ஏஐயும்

கன்சல்டன்சி எழுதிக் கொடுக்கும் எஸ்ஓபியில் இருக்கும் ஆபத்து, அதே வார்ப்பு இன்னும் நாற்பது பேரிடம் இருப்பது. நகல் பிடிக்கும் மென்பொருள் பயன்படுத்தும் பல்கலைக்கழகங்கள் உண்டு. மென்பொருள் இல்லாவிட்டாலும் வருடா வருடம் படிக்கிறவருக்கு அந்த வாடை தெரியும். ஏஐ விஷயத்தில் துறைக்குத் துறை விதி வேறு. சில இடங்களில் இலக்கணத் திருத்தம் வரை சரி, சில இடங்களில் உறுதிமொழி கேட்பார்கள். ஒவ்வொரு படிவத்திலும் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். விதியை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஏஐ இல்லாத பேராசிரியரையும் எழுதாத கட்டுரையையும் தயங்காமல் கொண்டுவந்து கொடுக்கும். ஒவ்வொரு பெயரையும் துறையின் பக்கத்தில் நீங்களே பார்த்தாக வேண்டும்.

அனுப்பும் வாரம்

பெயர்க் குழப்பம் எல்லா வருடமும் நடக்கிறது. அயோவா பல்கலைக்கழகம் வேறு, ஏம்ஸ் நகரில் இருக்கும் அயோவா ஸ்டேட் வேறு. சியாட்டிலில் இருப்பது வாஷிங்டன் பல்கலைக்கழகம்; செயின்ட் லூயிஸில் இருப்பது வேறொரு வாஷிங்டன் பல்கலைக்கழகம். நார்த்ஈஸ்டர்ன், நார்த்வெஸ்டர்ன், பென்சில்வேனியா பல்கலைக்கழகம், பென் ஸ்டேட், மிச்சிகன், மிச்சிகன் ஸ்டேட், இல்லினாயில் அர்பானா-ஷாம்பெயின், சிகாகோ. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜானுக்குப் பிறகு ஒரு எஸ் உண்டு. அதை விட்டவர்கள் ஏராளம்.

ஒவ்வொரு கோப்பிலும் உங்கள் பட்டியலில் உள்ள மற்ற எல்லாப் பல்கலைக்கழகப் பெயர்களையும், ஊர்ப் பெயர்களையும், பேராசிரியர் பெயர்களையும் தேடிப் பாருங்கள். எட்டு கோப்புக்கு அரை மணி நேரம் ஆகும். பிடிஎஃப் ஆக மாற்றிய பிறகு அதன் பண்புகளையும் திறந்து பாருங்கள். பழைய கோப்பை நகலெடுத்து எழுதியிருந்தால், தலைப்பு என்ற இடத்தில் முந்தைய பல்கலைக்கழகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். சில உலாவிகளில் அது மேலே தாவலிலேயே தெரியும். வேர்ட் கோப்பாக அனுப்பினால் ட்ராக் சேஞ்சஸ், கமெண்ட் எதுவும் மிச்சமில்லை என்று உறுதி செய்யுங்கள். போர்ட்டலில் ஏற்றியதும் அங்கேயே முன்னோட்டத்தைத் திறந்து கடைசி வரி வரை பாருங்கள்.

பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியருக்கு எல்லா இடத்துக்கும் ஒரே எஸ்ஓபியை அனுப்பாதீர்கள். அயோவாவுக்கு வெள்ளம், டேவிஸுக்குக் கிணறு என்று இரண்டு வரிக் குறிப்பாவது கொடுங்கள். நீங்கள் ஒரு பக்கம் பேச, கடிதம் வேறு பக்கம் பேசினால் இரண்டும் வலுவிழக்கும்.

நேரத்தையும் நம் கடிகாரத்துக்கு மாற்றி எழுதி வையுங்கள். டிசம்பர் 15 இரவு 11:59, கிழக்கு நேரம் என்றால் இங்கே 16-ம் தேதி காலை 10:29. பசிபிக் நேரம் என்றால் மதியம் 1:29. கடைசி இரவில் கார்டு பேமென்ட் நின்றுபோவது புதிதல்ல. மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

அனுப்பிய பிறகு தப்பு கண்ணில் பட்டால்? எழுத்துப் பிழை என்றால் விட்டுவிடுங்கள். வேறு பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால், போர்ட்டலில் புதுக் கோப்பு ஏற்ற வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் கோஆர்டினேட்டருக்கு ஒரே ஒரு மெயில்: விண்ணப்ப எண், "திருத்திய எஸ்ஓபி இணைத்துள்ளேன், மாற்ற முடிந்தால் நன்றி." காரணம் சொல்ல வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டாவது மெயில் போட வேண்டாம்.